ஆன்லைன் வகுப்பு: மாதா மாதம் நிலையான வருமானம் வருமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு, நம் குடியிருப்பில் வசிக்கும் ஆன்லைன் கணித ஆசிரியை ஒருவர் சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கடைசியில் கேள்வி பதில் பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளது.)



லிஃப்டில், வாக்கிங்கில், பார்சல் வாங்கும் செக்யூரிட்டி ரூம் வாசலில் என்று என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான். "ஆன்லைனில் கிளாஸ் எடுத்தால் நிஜமாகவே காசு வருமா?" கேட்பவர்களில் மூன்று வகை உண்டு. ஓய்வு பெற்றவர்கள், பொழுதும் போகும், கொஞ்சம் கையிலும் வரும் என்று நினைத்துக் கேட்பார்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண்கள், தனக்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்று கேட்பார்கள். இப்போது மூன்றாவது வகையும் வருகிறது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கம்பெனி வேலை போய், வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மட்டும் தொடர்கிறவர்கள். முதல் இரண்டு பேருக்குக் கணக்கு தப்பினால் மனக்கஷ்டத்தோடு போகும். மூன்றாமவருக்கு அது வீட்டையே ஆட்டிவிடும். அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று கூட்டல் கழித்தலாகவே பேசப் போகிறேன்.

வருமானம் வரும். ஆனால் விளம்பரங்களில் காட்டுகிற வழியில் பெரும்பாலும் வராது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு வழிகள், இரண்டு கணக்குகள்

முதல் வழி, பாடத்தை வீடியோவாகப் பதிவு செய்து ஒரு தளத்தில் போட்டு விற்பது. "ஒருமுறை உழைத்தால் போதும், தூங்கும்போதும் பணம் வரும்" என்று சொல்வது இதைத்தான். இரண்டாவது வழி, நேரலையில் ஐந்தாறு பேருக்கு வகுப்பு எடுப்பது.

மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூடெமி மாதிரி ஒரு பெரிய தளத்தில், அவர்களே பிடித்துக் கொண்டுவரும் வாடிக்கையாளர் வாங்கினால் ஆசிரியருக்கு 37 சதவீதம். நீங்களே உங்கள் கூப்பன் மூலம் ஆள் கொண்டுவந்தால் 97 சதவீதம். அங்கே கோர்ஸ்கள் பெரும்பாலும் தள்ளுபடி விலையில்தான் போகும். 499 ரூபாய்க்கு விற்றது என்றால் முதல் வகையில் உங்களுக்கு வருவது சுமார் 185 ரூபாய். 30,000 வர மாதம் 163 பேர் வாங்க வேண்டும். இரண்டாவது வகையில் 484 ரூபாய் வரும், 62 பேர் போதும். ஆனால் அந்த 62 பேரையும் நீங்கள்தான் தேட வேண்டும். அடுத்த மாதம் அவர்கள் திரும்ப வாங்க மாட்டார்கள், புதிதாக 62 பேர் வேண்டும். இதில் வரி, பிடித்தம் எதையும் நான் கழிக்கவே இல்லை.

இன்னொரு விஷயம். ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டும் திறந்துவிட்ட ஆன்லைன் கோர்ஸ்களைப் பற்றி 2019-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடித்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துப் பாடத்துக்கே இந்த நிலை என்றால், வீடியோவை மட்டும் கொடுத்துவிட்டு மாணவர் தானாகப் படிப்பார் என்று நம்ப முடியாது. பாதியில் விட்டவர் இன்னொருவருக்கு உங்களைச் சொல்லவும் மாட்டார்.

இப்போது நேரலைக் கணக்கு. ஒரு பேட்ச்சில் 6 பிள்ளைகள், வாரம் இரண்டு வகுப்பு, மாதம் எட்டு. ஒருவருக்கு ஃபீஸ் 1,500 என்றால் பேட்ச்சுக்கு 9,000. நான்கு பேட்ச் என்றால் 36,000. பரீட்சை, கோடை விடுமுறை என்று வருடத்தில் இரண்டு மாதம் போய்விடும். பத்து மாதம் என்று எடுத்தால் வருடத்துக்கு 3,60,000, அதாவது சராசரி மாதம் 30,000. நெட், ஜூம், பேனா டேப்லெட், கரன்ட் என்று 3,000 கழியுங்கள். கையில் 27,000 நிற்கும்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 32 வகுப்பு மணி நேரம். தயாரிப்பு, திருத்தல், பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் பதில் என்று இன்னொரு 32 மணி. ஆக 64 மணி நேர வேலை. இது முழு நேரச் சம்பளத்துக்கு ஈடாகாது. அரை நேர வேலைக்கு மதிப்பான வருமானம். இ.எம்.ஐ. 45,000 இருப்பவர் இதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது, இன்னொரு வருமானத்தோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது 24 மாணவர்கள் என்ற எண். மாதம் 2 பேர் விலகினால் சராசரியாக ஒருவர் 12 மாதம் இருக்கிறார் என்று அர்த்தம், வருடத்துக்கு 24 புதியவர்களைத் தேட வேண்டும். மாதம் ஒருவர் மட்டும் விலகினால் 24 மாதம் இருக்கிறார், 12 பேரைத் தேடினால் போதும். நிலையான வருமானம் என்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. புதிய மாணவரைப் பிடிப்பதைவிட இருக்கிறவரைத் தக்கவைப்பதில் பாதி உழைப்பை வையுங்கள். பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. பைஜூஸ் 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்தது, 2024-ல் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. காரணங்கள் பல உண்டு. விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் தண்ணீராகச் செலவழித்தது அதில் முக்கியமான ஒன்று. நம்மைப் போன்றவர்களுக்கு அப்படிச் செலவழிக்கப் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

எதைச் சொல்லிக் கொடுப்பது?

படிக்கட்டு உள்ள பாடமாக எடுங்கள். நம் தெருவுக்கு ஒரு ஹிந்தி டீச்சர் பல வருடங்களாக இருக்கிறாரே, எப்படி? தட்சிண பாரத ஹிந்தி பிரச்சார சபா பரீட்சைகள்தான் காரணம். பரிச்சய், பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா, பிரவேஷிகா, விஷாரத், பிரவீண் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு பிள்ளை சேர்ந்தால் பல வருடம் அதே டீச்சரிடம் இருக்கும். கர்நாடக சங்கீதமும் அப்படித்தான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை. அடுத்தது என்ன என்று பெற்றோருக்கே தெரியும்.

ஒருநாள் சிறுதானியச் சமையல், இரண்டு மணி நேர கேக் வகுப்பு இவற்றுக்குக் கூட்டம் வரும், ஆனால் மறு மாதம் அதே ஆட்கள் வர மாட்டார்கள். ஆசைக்குச் செய்யலாம். வருமானத்துக்கு வேண்டுமென்றால் நீங்களே படிக்கட்டு கட்ட வேண்டும். ஆரி ஒர்க் தெரிந்தவர் என்றால் முதல் நிலை அடிப்படைத் தையல், இரண்டாம் நிலை ஜர்தோசி, மூன்றாம் நிலை முழு பிளவுஸ், நான்காம் நிலை ஆர்டர் எடுப்பதும் விலை வைப்பதும் என்று பிரிக்கலாம். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் டாலியில் ஆரம்பித்து, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சம்பளப் பட்டியல் என்று கொண்டுபோகலாம்.

இன்னொன்று, விஷயத்தைக் குறுக்குங்கள். "எல்லா வகுப்புக்கும் எல்லா பாடமும்" என்று போர்டு போட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "ஏழாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. கணக்கு, பின்னத்திலும் எதிர்ம எண்ணிலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு" என்று சொன்னால், அந்தப் பிள்ளையின் அம்மா உடனே நிமிர்ந்து பார்ப்பார்.

"யூடியூபிலேயே எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, நமக்கு யார் ஃபீஸ் கொடுப்பார்கள்?" என்பார்கள். உண்மைதான். ஐ.ஐ.டி. பாடங்கள் என்.பி.டி.இ.எல்.லில் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் வெளிநாட்டுத் தமிழர்களுக்காகப் பாடங்கள் வைத்திருக்கிறது. பாடம் எங்கும் கிடைக்கிறது. பிள்ளையை உட்காரவைத்து, தப்பு எங்கே வருகிறது என்று பார்த்து, அதே நாளில் திருத்திக் கொடுக்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. பெற்றோர் ஃபீஸ் கொடுப்பது அதற்குத்தான்.

ஃபீஸும் விதிகளும்

நம் வீடுகளில் பாடம் சொல்லிக் கொடுக்கக் காசு கேட்பதற்குக் கூச்சம் இருக்கிறது. அதிலும் பக்கத்து வீடு, சொந்தக்காரர் என்றால் வாயே வராது. அதனால் விதிகளை எழுதி வையுங்கள். எழுதியதை அனுப்பினால் பேசும் கூச்சம் போய்விடும். ஒரு பக்கம் போதும்:

ஒன்று, ஃபீஸ் மாத ஆரம்பத்தில், முன்கூட்டியே.
இரண்டு, பிள்ளை வராத வகுப்புக்கு மாதம் ஒரு முறை மட்டும் ஈடு வகுப்பு. நீங்கள் விடுப்பு எடுத்தால் ஈடு வகுப்பு கட்டாயம்.
மூன்று, நிறுத்துவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பு சொல்ல வேண்டும். மூன்று மாத ஃபீஸ் கட்டியவருக்கு மீதித் தொகை எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.
நான்கு, வாட்ஸ்அப் கேள்விகளுக்கு இரவு எட்டு மணி வரைதான் பதில்.

முதல் வகுப்பு இலவசமாக இருக்கட்டும். ஒரு மாதம் முழுக்க இலவசம் வேண்டாம். இலவசமாகப் பழகியவர் ஃபீஸ் கேட்டதும் நகர்ந்துவிடுவார். வசதி இல்லாத பிள்ளைக்கு உதவ விரும்பினால், பேட்ச்சுக்கு ஓர் இடம் அதற்கென்று வையுங்கள். நம் குடியிருப்பில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகளில் ஒருவர் அந்த இடத்தில் உட்காரலாம். அவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே விதிகள், அதே வீட்டுப்பாடம்.

மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

முதல் பேட்ச் உங்களைத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வரும். பழைய ஆபீஸ் நண்பர்கள், அபார்ட்மென்ட் குழுக்கள், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள். மூன்று பேர் கிடைத்தாலே தொடங்குங்கள், ஆறு பேருக்குக் காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பெற்றோருக்கும் நான்கு வரி எழுதுங்கள்: என்ன படித்தோம், பிள்ளை எதில் முன்னேறியிருக்கிறது, எதில் இன்னும் பயிற்சி வேண்டும், அடுத்த மாதம் என்ன. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளம்பரம் இல்லை. அந்த நான்கு வரியைத்தான் அவர்கள் தோழிக்கு ஃபார்வர்டு செய்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ், பாட்டு, ஸ்லோகம் சொல்லிக் கொடுப்பவர்கள் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். நமக்கு சனிக்கிழமை காலை 7 மணி என்றால் கலிபோர்னியாவில் கோடையில் வெள்ளிக்கிழமை மாலை 6:30, குளிர்காலத்தில் 5:30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் வாரத்தில் பாதிப் பேர் தப்பான நேரத்துக்கு வருவார்கள், முன்கூட்டியே செய்தி அனுப்புங்கள். சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை. நமது 4:30 அவர்களுக்கு எப்போதும் மாலை 7 மணி.

வாங்க வேண்டியது, வாங்கக் கூடாதது

ஆரம்பத்திலேயே கேமரா, ரிங் லைட், பச்சைத் திரை என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். முகத்துக்கு எதிரே ஜன்னல் இருந்தால் வெளிச்சம் போதும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று அவசியம், படம் மங்கினாலும் பொறுப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் பொறுக்க மாட்டார்கள். எழுதிக் காட்ட, மேலிருந்து நோட்டைப் பார்க்கும்படி ஒரு மொபைல் ஸ்டாண்டு. மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். நம் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிடத்தில் வைஃபை போய் மறுபடி வருவதற்குள் ஐந்து நிமிடம் ஓடிவிடும், அதனால் சொல்கிறேன். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்பு 40 நிமிடம்தான், கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் 60 நிமிடம். தொடங்குவதற்கு அது போதும்.

பாட்டு சொல்லிக் கொடுப்பவர்கள் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தம்பூரா சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். எல்லோரும் சேர்ந்து பாடுவதும் ஆன்லைனில் நடக்காது, குரல்கள் முன்னும் பின்னுமாக வரும். மற்றவர்களை மியூட்டில் வைத்து ஒவ்வொருவராகப் பாடச் சொல்லுங்கள்.

சட்டமும் வரியும்

வகுப்புக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். வருவதும் செலவும் அதிலேயே நடந்தால் ஆடிட்டருக்கு வேலை சுலபம். இந்த வருமானம் முழுதும், வெளிநாட்டிலிருந்து வருவது உட்பட, வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை பொதுவாக வரி வராது. ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும். சேவைகளுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நம்மில் பலர் அந்தப் பக்கமே போக மாட்டோம், இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வேலையில் இருப்பவர்கள் நியமன ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். பல கம்பெனிகள் வெளி வேலைக்கு அனுமதி கேட்கச் சொல்கின்றன. பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-வது பிரிவில் தடுக்கிறது. பிள்ளைகளின் வகுப்பைப் பதிவு செய்தால் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்குப் போடாதீர்கள்.

இரண்டு வலைகள்

முதல் வலை. 99 ரூபாய் வெபினாரில் ஆரம்பிக்கும். "மூன்றே மாதத்தில் லட்சம் சம்பாதிக்கும் ஆசிரியராகலாம்" என்று மூன்று மணி நேரம் பேசிவிட்டு, "இன்று இரவுக்குள் சேர்ந்தால் மட்டும் 50,000" என்று முடிப்பார்கள். அங்கே நடப்பது கோர்ஸ் விற்பது எப்படி என்று ஒரு கோர்ஸ் விற்பது. சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களிடம் படித்தவர்களில், இதே கோர்ஸைத் திரும்ப விற்காமல் வேறு பாடம் நடத்திச் சம்பாதிப்பவர்கள் மூன்று பேரிடம் நான் பேசலாமா?" நேரடியான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பி.எஃப். பணத்தை, நகைக் கடனை இதில் போடவே போடாதீர்கள்.

இரண்டாவது வலை. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கூப்பிடுவார். "என் மகளுக்கு கிளாஸ் வேண்டும், மூன்று மாத ஃபீஸ் மொத்தமாக அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்பார். யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் போட வேண்டியதே இல்லை. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

வீட்டாரிடம் ஒரு வார்த்தை

இது வகுப்பு எடுப்பவர்களுக்கு அல்ல, அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு. கதவு சாத்தியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. குக்கர் விசில், காபி, "என் கண்ணாடி எங்கே?" எல்லாம் ஒரு மணி நேரம் காத்திருக்கும். ஆபீஸில் இருக்கும் மகனைக் கூப்பிட்டுக் கண்ணாடி எங்கே என்று கேட்க மாட்டோமே, மருமகளிடமும் அப்படியே இருப்போம். வகுப்பு எடுப்பவர்களும் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். மிருதங்கம், வயலின் வகுப்புகளை மதியத் தூக்க நேரத்திலும் இரவு ஒன்பதுக்கு மேலும் வைக்காதீர்கள்.

கேள்வி பதில்

"வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?"

ஆறு மாதம் வேலையோடு சேர்த்து நடத்துங்கள். ஆறு மாதமும் வங்கிக் கணக்கில் வந்த தொகையை எழுதுங்கள். அதில் மிகக் குறைவான மாதத்தை எடுத்து, அதில் குடும்பம் நடக்குமா என்று பாருங்கள். நல்ல மாதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேலை ஏற்கெனவே போய்விட்டது என்றால், வேலை தேடுவதை நிறுத்தாமல் காலையிலும் மாலையிலும் ஒரு பேட்ச் வைத்து ஆரம்பியுங்கள்.

"எனக்கு 67 வயது. கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு. முடியுமா?"

முடியும் மாமா. ஜூமில் தெரிந்துகொள்ள வேண்டியது ஐந்து விஷயம்தான்: லிங்க் அனுப்புவது, மியூட் செய்வது, திரையைப் பகிர்வது, பதிவு செய்வது, தேவையில்லாதவரை வெளியேற்றுவது. நம் குடியிருப்புக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிறு காலையில் சொல்லித் தரத் தயாராக இருக்கிறார்கள். முதல் மாதம் பேரனை மாணவனாக வைத்துப் பழகுங்கள்.

"அப்படியானால் வீடியோ கோர்ஸ் வேண்டவே வேண்டாமா?"

இரண்டு வருடம் நேரலையில் எடுத்த பிறகு செய்யுங்கள். அதற்குள் எந்த இடத்தில் எல்லோரும் இடறுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இடங்களை மட்டும் பத்து நிமிட வீடியோக்களாக எடுத்து, முதலில் உங்கள் மாணவர்களுக்கே கொடுங்கள். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நேரம் மிச்சமாகும், இன்னொரு பேட்ச் வைக்கலாம். வெளியே விற்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த வாரமே ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள்: யாருக்கு, எதை, எத்தனை மாதத்தில் சொல்லித் தரப் போகிறீர்கள். அந்தக் காகிதத்தோடு வாருங்கள், உட்கார்ந்து உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செவ்வாய், வியாழன் மதியம் 2 முதல் 3 வரை எனக்கு வகுப்பு இல்லை.